தீவு விடுமுறை: கப்பலில் போவதா, கரையில் தங்குவதா? கொழும்பிலிருந்து புறப்படுவோருக்கான முழுமையான வழிகாட்டி

வீட்டில் தீவுப் பயணம் என்று பேச்சு வந்ததும் பெரும்பாலானோர் முதலில் செய்வது கைபேசியில் விலை பார்ப்பதுதான். மூன்று இரவுக் கப்பல் இவ்வளவு மலிவா என்று உடனே முற்பணம் கட்டிவிடுகிறார்கள். பிறகுதான் விசா, விமான டிக்கட், கப்பல் ஏறுவதற்கு முதல் நாள் இரவுத் தங்கல் என்று ஒவ்வொன்றாகக் கிளம்புகிறது. மாலைதீவிலும் இதே சிக்கல்தான்: அறை மலிவாக இருக்கும், அந்தத் தீவுக்குப் போய்ச் சேரும் படகுக் கூலி அறைக் காசைத் தாண்டிவிடும்.

ஆகவே இங்கே சொல்லும் ஒழுங்கு இது: மாதம், கடவுச்சீட்டு, ஆட்கள், மணித்தியாலம், கடைசியில் காசு. இதை மாற்ற வேண்டாம். முதல் மூன்றில் ஒன்று தடுத்தாலும் பயணம் நடக்காது, விலை எவ்வளவு இறங்கியிருந்தாலும் சரி.

கொழும்பிலிருந்து பார்த்தால் நடைமுறைக்குச் சரிவரும் தெரிவுகள் சில தான். கப்பல் என்றால் சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, லங்காவி, புக்கெட் பக்கம் போய்த் திரும்பும் 3 முதல் 5 இரவுப் பயணங்கள். கரை என்றால் மாலைதீவில் உள்ளூர் மக்கள் வாழும் தீவொன்றில் கெஸ்ட்ஹவுஸ், அல்லது தனித்தீவு ரிசோர்ட், அல்லது நேரே புக்கெட், லங்காவிக்குப் பறந்து அங்கேயே தங்குவது. கொழும்புத் துறைமுகத்தில் நிற்கிற பெரிய பயணிகள் கப்பல்கள் பெரும்பாலும் வேறு நாட்டில் ஏறியவர்களை ஒரு நாள் இறக்கிக் காட்டிவிட்டு ஏற்றிக்கொண்டு போகிறவை. கோட்டையில் நின்று பார்க்கத் தெரிகிற கப்பலில் நாமும் ஏறலாம் என்று கணக்குப் போட வேண்டாம். கப்பல் பயணம் என்றால் அதற்கு முன்னும் பின்னும் ஒரு விமானப் பயணம் உண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

1. விலை பார்க்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

எல்லாருடைய கடவுச்சீட்டும். படம் எடுத்து அனுப்பினால் போதாது, புத்தகமே கையில் வேண்டும். திரும்பி வரும் திகதிக்குப் பிறகும் 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். புறப்படும் திகதியிலிருந்து எண்ணுவதுதான் வழமையாக நடக்கும் பிழை. பிள்ளைகளின் கடவுச்சீட்டு பெரியவர்களுடையதை விட விரைவில் காலாவதியாகும், அதை முதலில் பாருங்கள். பத்தரமுல்லையில் புதுப்பிக்கப் போகும் நாட்களையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு தாள். ஒவ்வொருவரின் பெயர், வயது, மருந்து, நடக்கும் திறன், பஸ்ஸிலோ படகிலோ வாந்தி வருமா, என்ன சாப்பிடுவார், என்ன சாப்பிடமாட்டார். இந்தத் தாள் நான்காம் படியில் தேவைப்படும்.

பிள்ளை ஒருவர் தாயுடன் மட்டுமோ தந்தையுடன் மட்டுமோ போவதானால் பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பும் மற்றவரின் சம்மதக் கடிதமும். அம்மம்மாவுடன் போவதானால் இருவருடைய கடிதமும். கப்பல் நிறுவனங்கள் இதில் விமான நிறுவனங்களைவிடக் கண்டிப்பு, சிலவற்றுக்குத் தனிப் படிவமே உண்டு.

மொத்தமாகச் செலவழிக்கக்கூடிய தொகை, டொலரில். ரூபாவில் வைத்தால் இரண்டு தெரிவையும் ஒப்பிட முடியாமல் போகும். கூகிளில் காட்டும் மாற்று விகிதத்தை எடுக்காதீர்கள். உங்கள் வங்கியின் விற்பனை விகிதத்தை எடுங்கள், நீங்கள் உண்மையில் கட்டப்போவது அதுதான்.

2. முதலில் மாதத்தைத் தீர்மானியுங்கள்

பாடசாலைப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் என்ற மூன்று வாசல்கள்தான். மூன்றும் மூன்று விதம்.

ஏப்ரல்: புத்தாண்டு விடுமுறை. மாலைதீவில் வடகீழ்ப் பருவத்தின் வறண்ட காலம் முடியும் தறுவாய். கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும், வெயில் கடுமை. புக்கெட் பக்கமும் இன்னும் நன்றாகவே இருக்கும். கரையில் தங்க இதுதான் நல்ல மாதம்.

ஓகஸ்ட்: தென்மேல் பருவக்காற்று முழு வீச்சில். மாலைதீவில் மழை நாள் முழுவதும் கொட்டாது, ஆனால் காற்றும் அலையும் இருக்கும். ஸ்பீட் போட் தூக்கிப் போட்டுப் போட்டுப் போகும். புக்கெட்டின் மேற்குக் கரையில் சிவப்புக் கொடி ஏற்றிக் குளிக்கத் தடுப்பார்கள், அதை மீறிக் கடலில் இறங்கக் கூடாது. இந்த மாதத்தில் பெரிய கப்பல் ஒப்பீட்டளவில் பாதுகாப்பான தெரிவு. மலாக்கா நீரிணை சுமாத்திராவின் மறைவில் இருப்பதால் சிங்கப்பூர் பினாங்குப் பாதை திறந்த கடலைப் போல ஆடாது. புக்கெட் வரை மேலே போகும் பாதையில் கடைசிப் பகுதியில் கொஞ்சம் அசைவு தெரியும்.

ஓகஸ்டில் கடற்கரைதான் வேண்டும் என்றால் நம் நாட்டின் கிழக்கையும் மறக்க வேண்டாம். பாசிக்குடாவும் திருகோணமலையும் அந்த மாதத்தில்தான் அமைதி. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவில் பவளப்பாறை பார்க்க விசாவும் வேண்டாம், டொலரும் வேண்டாம்.

டிசம்பர்: நத்தார், புதுவருட வாரத்தில் எல்லாமே உச்ச விலை. மாத முதல் பாதியில் போக முடிந்தால் விலை நன்றாக இறங்கும். தாய்லாந்தின் கோ சமுய் தீவை மட்டும் டிசம்பரில் தவிருங்கள், அந்தப் பக்கத்து மழைக்காலம் ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. ஒரே நாடு என்பதால் புக்கெட்டுக்கும் சமுய்க்கும் ஒரே காலநிலை என்று நினைத்து ஏமாறுவோர் பலர்.

3. கடவுச்சீட்டும் விசாவும்: கப்பலின் உண்மையான தடை இங்கேதான்

கரையில் தங்குபவருக்கு ஒரு நாட்டின் விதி போதும். மாலைதீவு இலங்கையருக்கு வந்திறங்கியதும் 30 நாள் இலவச விசா தருகிறது. திரும்பும் டிக்கட், தங்குமிட உறுதி, செலவுக்குப் பணம் இருந்தால் போதும். புறப்படுவதற்கு முந்தைய 96 மணித்தியாலத்துக்குள் ‘இமுகா’ என்ற ஒன்லைன் படிவத்தை நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல.

கப்பலில் போகிறவருக்கு, கப்பல் தொடும் ஒவ்வொரு நாடும் ஒரு கணக்கு. சிங்கப்பூர் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு முன்விசா கேட்பதில்லை என்ற நிம்மதியில் மற்றத் துறைமுகங்களை மறந்துவிடுகிறார்கள். பினாங்கு, லங்காவி என்றால் மலேசிய விதி. புக்கெட் என்றால் தாய்லாந்து விதி. “நாங்கள் அங்கே இறங்கமாட்டோம், கப்பலிலேயே இருப்போம்” என்ற பதில் செல்லாது. இறங்கினாலும் இறங்காவிட்டாலும் அந்த நாட்டு ஆவணம் கேட்கும் உரிமை கப்பல் நிறுவனத்துக்கு உண்டு. இல்லாவிட்டால் ஏற்றமாட்டார்கள், கட்டிய காசும் திரும்பாது. ஆகவே முற்பணம் கட்டும் முன் பயணப் பாதையில் உள்ள நாடுகளை எழுதி, ஒவ்வொன்றின் தூதரகத் தளத்திலும் அன்றைய விதியைப் பாருங்கள். முகவர் சொன்னார் என்பது போதாது. வாசலில் நிற்கப்போவது நீங்கள்.

இரண்டாவது கண்ணி, மீள்நுழைவு. கப்பல் புறப்பட்டதும் நீங்கள் அந்த நாட்டை விட்டு வெளியேறியவர். திரும்பி அதே துறைமுகத்துக்கு வரும்போது அது புதிய நுழைவு. சிங்கப்பூருக்கு வருகை அட்டையை இரண்டு தடவை நிரப்ப வேண்டும்: விமானத்தில் வரும்போது ஒன்று, கப்பலில் திரும்பும்போது ஒன்று. சென்னையிலோ கொச்சியிலோ கப்பல் ஏறுவதானால் இந்திய விசா ஒரு நுழைவு மட்டும் தருவதாக இருக்கக் கூடாது. இ-விசா எந்தெந்தத் துறைமுகங்களில் செல்லும் என்பதையும் பாருங்கள், எல்லாவற்றிலும் செல்லாது.

மூன்றாவது, பெயர். நம்மவர்களுக்கு இது தனிப் பிரச்சினை. இலங்கைக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கு ஒரு வரி, மற்றப் பெயர்களுக்கு ஒரு வரி. தமிழ்க் குடும்பங்களில் அந்த முதல் வரியில் தந்தை பெயர் இருக்கும். கணவன் ஒரு பெயர், மனைவி ஒரு பெயர், பிள்ளைகள் இன்னொரு பெயர். ஒன்லைன் படிவத்தில் “குடும்பத்துக்கு ஒரே பெயர்தானே” என்று எல்லாருக்கும் தந்தையின் கடைசிப் பெயரைத் தட்டிவிடுகிறார்கள். அல்லது முதலெழுத்தை மட்டும் போடுகிறார்கள். கடவுச்சீட்டின் படப் பக்கத்தில் கீழே அம்புக்குறிகளோடு இரண்டு வரி இருக்கிறதல்லவா, அதைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அப்படியே அடியுங்கள். விமான டிக்கட், கப்பல் பதிவு, விசா மூன்றிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கப்பல் பதிவில் பெயர் திருத்தத்துக்குக் காசு கேட்பார்கள். புறப்படும் நாள் நெருங்கினால் சில நேரம் திருத்தவே முடியாது.

4. போகிறவர்கள் யார்?

இப்போது அந்தத் தாளை எடுங்கள்.

கர்ப்பிணி: பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் பயணம் முடியும் நாளில் 24 வாரத்தை எட்டிவிடும் பெண்களை ஏற்றுவதில்லை. ஏறும் நாளில் 22 வாரம் என்பதால் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், முடியும் நாள்தான் கணக்கு. கைக்குழந்தைக்கு வழமையாக 6 மாதம் முடிந்திருக்க வேண்டும்.

வயதானவர்கள்: இங்கேதான் கப்பல் நன்றாக வெல்கிறது. ஒரு தடவை பெட்டியைத் திறந்தால் போதும். லிப்ட், தட்டையான தரை, சாப்பாடு இரண்டு மாடி தள்ளி, வைத்தியர் கப்பலிலேயே. மாலைதீவு உள்ளூர்த் தீவுக்குப் போகும் ஸ்பீட் போட்டில் முதுகு வலியுள்ளவருக்கு அரை மணித்தியாலமே நீண்ட நேரம். போயே ஆக வேண்டுமானால் அவரைப் படகின் பின்பகுதியில் இருத்துங்கள். முன்பகுதி அலையில் எழுந்து அறைந்து விழும், எல்லா அதிர்ச்சியும் அங்கேதான். முன்னால் காட்சி நன்றாயிருக்கும் என்று பாட்டியை அங்கே இருத்துவது பெரிய தவறு.

ஆனால் கப்பலுக்கும் ஒரு விதிவிலக்கு. சில துறைமுகங்களில் கப்பல் கரைக்கு அணையாது. நடுக்கடலில் நங்கூரமிட்டுச் சிறு படகில் இறக்குவார்கள், டெண்டர் என்று அட்டவணையில் போட்டிருக்கும். மாலேயும் புக்கெட்டின் பட்டோங் குடாவும் அப்படி. ஆடுகிற படகுக்குள் காலடி எடுத்து வைக்க முடியாதவர் அன்று முழுவதும் கப்பலிலேயே இருக்க நேரிடும். சக்கர நாற்காலி இருந்தால் இதைப் பதிவுக்கு முன் எழுத்தில் கேளுங்கள்.

தலைச்சுற்று, வாந்தி: பெரிய கப்பலில் கீழ்த் தளத்தில், நீளவாக்கில் நடுவில் உள்ள கேபின் குறைவாக ஆடும். ஊஞ்சற்பலகையின் நடுவில் இருப்பது போல. மேல் தளத்தில் முன்முனைக் கேபின் விலை கூடியது, ஆடுவதும் அதுவே கூட. மருந்து எடுப்பதானால் வைத்தியரிடம் கேட்டு, படகு கிளம்பும் முன்பே எடுக்க வேண்டும். வயிறு புரட்டத் தொடங்கிய பிறகு விழுங்கினால் வெளியேதான் வரும்.

சாப்பாடு: வெள்ளிக்கிழமை மரக்கறி, சிலருக்கு எப்போதும் மரக்கறி, சிலருக்கு ஹலால். சிங்கப்பூரிலிருந்து போகும் கப்பல்களில் இந்தியப் பயணிகள் அதிகம் என்பதால் மரக்கறிச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, ஆனால் பதிவு செய்யும்போதே குறிப்பிட வேண்டும். மாலைதீவின் உள்ளூர்த் தீவுகளில் எல்லாமே ஹலால். மரக்கறி மட்டும் சாப்பிடுவோருக்குத்தான் அங்கே கஷ்டம். கறிக்குள் மாசி இருக்கும், சூப்பும் மீனில்தான். கெஸ்ட்ஹவுஸுக்கு முன்கூட்டியே வட்ஸ்அப்பில் “மீனும் இல்லை, மாசியும் இல்லை” என்று இரண்டையும் பிரித்து எழுதுங்கள். மாசியை மீன் என்று கணக்கெடுக்காத சமையற்காரர் உண்டு. நமக்குச் சம்பலில் தெரிந்த விஷயம்தான்.

மது: உள்ளூர்த் தீவுகளில் கிடையாது, கொண்டு போகவும் கூடாது. ட்யூட்டி ஃப்ரீ போத்தலை மாலே விமான நிலையத்தில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். பன்றி இறைச்சிப் பொருட்களும் அப்படியே. ரிசோர்ட் தீவில் மது உண்டு. பிள்ளைகளோடு போகும் குடும்பங்கள் சிலருக்கு மது இல்லாத தீவே பெரிய ஆறுதல்.

5. தீவில் உண்மையில் எத்தனை மணித்தியாலம்?

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. ஆனால் கப்பலா கரையா என்ற கேள்விக்கு இதுதான் நேரான விடை தரும்.

கப்பல் அட்டவணையில் ஒரு துறைமுகத்துக்கு நேரே 8.00 முதல் 17.00 என்று இருக்கும். 9 மணித்தியாலம் என்று மனம் கணக்குப் போடும். இப்போது பிரித்துப் பாருங்கள். கப்பல் 8.00 மணிக்கு வந்து நிற்கும், ஆனால் அந்த நாட்டு அதிகாரிகள் அனுமதி தந்து வாசல் திறக்க 8.45 ஆகிவிடும். டெண்டர் படகுக்கு வரிசையில் நின்று கரை சேர 9.30. வாகனத்தில் கடற்கரைக்குப் போக 10.15. திரும்பும் பக்கத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்: 17.00 என்பது கப்பல் புறப்படும் நேரம், நீங்கள் ஏறும் நேரம் அல்ல. கடைசிப் படகு 16.00. அங்கேயும் வரிசை, ஆகவே இறங்குதுறையில் 15.30க்கு நிற்க வேண்டும். தெருநெரிசலுக்கும் இடம் விட்டால் கடற்கரையை விட்டு 14.30க்குக் கிளம்ப வேண்டும். மணலில் கால் பதிப்பது 10.15 முதல் 14.30 வரை, நாலே கால் மணித்தியாலம். அதற்குள் மதியச் சாப்பாடும், பிள்ளையின் உடை மாற்றலும். மேலும் அது நடுப்பகல் வெயில். கடல் மிக அழகாக இருக்கும் அதிகாலையும் அந்தியும் உங்களுக்குக் கிடைப்பதில்லை.

மூன்று இரவுப் பயணத்தில் இப்படி ஒரு துறைமுகம், அதிகம் போனால் இரண்டு. இதற்காகக் கொழும்பிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறக்குறைய 4 மணித்தியாலப் பறப்பு, ஒரு இரவு ஹோட்டல், பிறகு மூன்று இரவுக் கப்பல், மீண்டும் பறப்பு.

மறுபக்கம் மாலைதீவு. கொழும்பிலிருந்து மாலே ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம், அங்கே கடிகாரம் நம்மைவிட அரை மணி பின்னால். வியாழன் காலை விமானம் என்றால் பிற்பகலுக்குள் தீவில். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று முழு நாள். திங்கள் திரும்பல். விழித்திருக்கும் நேரத்தை மட்டும் எண்ணினாலும் 30 மணித்தியாலத்துக்கு மேல் கடற்கரை உங்கள் கையில்.

ஆனால் இந்தக் கணக்கைக் கண்டு கப்பலை ஒதுக்கிவிட வேண்டாம். கேட்க வேண்டிய கேள்வி, உங்கள் வீட்டாருக்கு வேண்டியது தீவா, கப்பலா? நீச்சல் குளம், மேடை நிகழ்ச்சி, பிள்ளைகளுக்கான விளையாட்டுக்கூடம், பத்து விதச் சாப்பாடு, உறவினர் இருபது பேரும் ஒரே மேசையில். இதுதான் வேண்டும் என்றால் துறைமுகத்தில் கழியும் நாலே கால் மணித்தியாலம் ஒரு குறையே அல்ல. பவளப்பாறை பார்க்க வேண்டும், நீந்திப் பழக வேண்டும், ஒன்றும் செய்யாமல் கடலைப் பார்த்து இருக்க வேண்டும் என்றால் கப்பல் எவ்வளவு பெரிதானாலும் ஏமாற்றமே. பதின்ம வயதுப் பிள்ளைகள் இருந்தால் கரைக் கணக்கையும் நேர்மையாகப் பாருங்கள்: மாலைதீவின் மாஃபுஷி போன்ற உள்ளூர்த் தீவின் நீளம் ஒரு கிலோமீற்றருக்குச் சற்று மேல்தான். இரண்டாம் நாள் மாலைக்குள் முழுத் தீவையும் நடந்து முடித்துவிடுவார்கள். மணல்திட்டு, ஸ்நோர்கெலிங், அயல் ரிசோர்ட்டில் ஒரு நாள் என்று குறைந்தது இரண்டு வெளிப்பயணம் திட்டத்தில் இருக்கட்டும்.

6. இப்போது காசு

ஒரு தாளில் இரண்டு பத்தி: கரைக்கு ஒன்று, கப்பலுக்கு ஒன்று. வெள்ளவத்தை வாசலில் காலெடுத்து வைப்பதிலிருந்து திரும்பி அதே வாசலுக்கு வரும்வரை, எல்லாம் டொலரில், எல்லாருக்குமாக.

கரைப் பத்தியில் ஏமாற்றுவது வரிகள். மாலைதீவு அறை விலையின் அருகே “பிளஸ் பிளஸ்” என்று இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் சேரவில்லை என்று பொருள். ஒரு இரவு 100 டொலர் என்று காட்டும் கெஸ்ட்ஹவுஸ் அறையை எடுங்கள். சேவைக் கட்டணம் 10 சதவீதம், 110 ஆகிறது. சுற்றுலாப் பொருள் சேவை வரி 2025 ஜூலை முதல் 17 சதவீதம். அது 110இன் மேல் விழும், 128.70. நாலு இரவுக்கு 514.80. இதற்கு மேல் பசுமை வரி: உள்ளூர்த் தீவில் 50 அறைக்குக் குறைந்த கெஸ்ட்ஹவுஸில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 6 டொலர், ரிசோர்ட்டில் 12 டொலர். 2 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு இல்லை. நாலு பேர், நாலு இரவு என்றால் 96. திரையில் 400 என்று கண்ட அறை 610.80 ஆகிவிட்டது. இவ்வளவும் ஒளித்த காசு அல்ல, சட்டப்படியான வரி. பதிவுத் தளத்தில் கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்தால் தெரியும்.

அடுத்தது படகு. மாலேக்கு அருகிலுள்ள தீவுக்கு ஸ்பீட் போட், ஆளுக்கு இரு வழிக்கும் எழுதுங்கள். தூரத்து ரிசோர்ட்டுக்குக் கடல் விமானம் என்றால் ஒருவருக்குப் போய்வர சில நூறு டொலர். நாலு பேருக்கு அது அறைக் காசைத் தொட்டுவிடும். அரசாங்கப் படகுச் சேவை மிக மலிவு, ஆனால் வெள்ளிக்கிழமை ஓடாத வழிகள் பல. பகல் நேர அட்டவணையோடு உங்கள் விமானம் பொருந்துமா என்றும் பாருங்கள்.

கப்பல் பத்தியில் கேபின் கட்டணம் முதல் வரி மட்டுமே. துறைமுக வரி, கப்பல் ஊழியருக்கான சேவை ஊக்கத்தொகை (டிப்ஸ்), இணையம், குளிர்பானம், கரைச் சுற்றுலா, விமானம், முதல் நாள் ஹோட்டல், சிங்கப்பூர் டாக்சி, விசாக் கட்டணம். ஊக்கத்தொகை விருப்பப்பட்டால் கொடுப்பது அல்ல. ஆளுக்கு ஒரு இரவுக்கு இவ்வளவு என்று பில்லில் தானாக ஏறும், பெரும்பாலும் பிள்ளைகளுக்கும். உதாரணத்துக்கு 18 டொலர் என்று வைத்தால் நாலு பேருக்கு மூன்று இரவு 216 டொலர். கேபின் விலை இரண்டு பேர் பகிர்வதாக வைத்தே போடப்படும். தனியாகப் போகிறவர் ஏறக்குறைய இரண்டு பேர் காசு கட்டுவார். மூன்றாவது, நாலாவது ஆள் அதே கேபினில் குறைந்த விலைக்கு ஏறலாம், சில வேளை பிள்ளைகளுக்குக் கட்டணமே இல்லை. நாலு பேர் குடும்பத்துக்குக் கப்பல் மலிவாகத் தெரிவது இதனால்தான், அது உண்மையும் கூட. ஆனால் மேல் கட்டிலில் படுக்கப்போவது யார் என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

இரண்டு பத்திக்கும் பொதுவானது கார்ட். வெளிநாட்டுக் கொடுப்பனவுக்கு வங்கி தன் கட்டணத்தைச் சேர்க்கும், முத்திரை வரியும் உண்டு. இயந்திரம் “ரூபாவிலா டொலரிலா” என்று கேட்டால் அந்த நாட்டு நாணயம் அல்லது டொலரைத் தெரியுங்கள். ரூபாவைத் தொட்டால் கடைக்காரரின் வங்கி தனக்குப் பிடித்த விகிதத்தில் மாற்றும்.

7. தீர்மானம்

இரண்டு பத்தியும் 15 சதவீதத்துக்குள் நெருங்கி இருந்தால் காசைப் பார்க்காதீர்கள், ஐந்தாம் படியின் விடையைப் பின்பற்றுங்கள். பெரியவர்கள் அதிகம் உள்ள பெருங்குடும்பம், ஓகஸ்ட் மாதம், மூன்று தலைமுறை என்றால் கப்பல். தம்பதியர், சிறு குழந்தை, கடலில் இறங்க ஆசை, ஏப்ரல் என்றால் கரை. முதல் தடவை வெளிநாடு போகிறவர்களுக்கும் கரையையே சொல்வோம். ஒரு நாடு, ஒரு விசா, ஒரு நேர அட்டவணை. பிழைத்தாலும் படகு அடுத்த நாள் உண்டு. தவறவிட்ட கப்பல் திரும்பி வராது.

டைவிங் தெரிந்தவர்களுக்கு நடுவே ஒரு வழி இருக்கிறது: மாலேயிலிருந்து கிளம்பும் சஃபாரிப் படகு. இருபது பேர் அளவில் படகிலேயே தங்கி ஒவ்வொரு பவளத்தீவாகப் போவது. பிள்ளைகளுக்கு இது பொருந்தாது.

8. கப்பல் என்று முடிவானால்

விசாவை உறுதி செய்து, பிறகு கேபின், பிறகு விமானம். விமானத்தை முதலில் வாங்கிவிட்டுக் கப்பல் திகதியை அதற்குப் பொருத்தப் பார்ப்பவர்கள் ஒரு நாளை இழக்கிறார்கள்.

கப்பல் ஏறும் நாளன்று காலையில் சிங்கப்பூரில் இறங்கும் விமானம் வேண்டவே வேண்டாம். முதல் நாளே போய்விடுங்கள். இரவு விமானம் மூன்று மணித்தியாலம் தாமதித்தால் கப்பல் உங்களுக்காக நிற்காது. திரும்பும் விமானமும் இறங்கும் நாளில் மாலைக்குப் பிறகு இருக்கட்டும்.

சிங்கப்பூரில் இரண்டு பயணிகள் கப்பல் முனையங்கள் உண்டு. ஒன்று மரீனா பே, மற்றது ஹார்பர்ஃப்ரண்ட். டாக்சியில் “குரூஸ் சென்டர்” என்று மட்டும் சொன்னால் எதற்கும் கொண்டுபோவார். உங்கள் டிக்கட்டில் எது என்று பார்த்து முழுப் பெயரைச் சொல்லுங்கள்.

பெரிய பெட்டிகளை முனையத்தில் கொடுத்தால் அவை மாலையில்தான் கேபின் வாசலுக்கு வரும். ஆகவே கைப்பையில் கடவுச்சீட்டு, மருந்து, இன்சுலின், பிள்ளைகளின் நீச்சல் உடை. மின்கேத்தல், இஸ்திரிப்பெட்டி எடுத்துப்போனால் பறித்து வைப்பார்கள், கப்பலில் தீதான் பெரிய பயம். இதே காரணத்தால் ஏறிய அன்று நடக்கும் பாதுகாப்புப் பயிற்சிக்கு எல்லாரும் போக வேண்டும். அது கட்டாயம்.

துறைமுகத்தில் இறங்கும்போது கைபேசி தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறும், கப்பல் தன் நேரத்திலேயே இருக்கலாம். சிங்கப்பூருக்கும் புக்கெட்டுக்கும் ஒரு மணித்தியால வித்தியாசம். வாசலில் உள்ள கப்பல் கடிகாரத்தைப் பார்த்துச் சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றை அதற்கே வைத்துக்கொள்ளுங்கள்.

9. கரை என்று முடிவானால்

இங்கே ஒழுங்கு வேறு: தீவு, படகு, விமானம், கடைசியில் அறை. கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். பிற்பகல் மூன்றரைக்குப் பிறகு மாலேயில் இறங்கினால் அன்று பெரும்பாலும் கிடைக்காது. மாலேயிலோ அருகிலுள்ள ஹுல்ஹுமாலேயிலோ ஒரு இரவு வீணாகும். பொதி எல்லையும் குறைவு, 20 கிலோ பெட்டியும் 5 கிலோ கைப்பையும்.

அறையை உறுதி செய்யும் முன் கெஸ்ட்ஹவுஸிடம் நாலு கேள்வி எழுத்தில் கேளுங்கள். விலையில் வரியெல்லாம் சேர்ந்ததா? எங்கள் விமான இலக்கத்துக்கு எத்தனை மணிப் படகு? சுற்றுலாப் பயணிகளுக்கான கடற்கரை எத்தனை நிமிட நடை? கரையிலிருந்து நீந்திப் போகும் தூரத்தில் பவளப்பாறை இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு இல்லை என்றால் ஒவ்வொரு தடவையும் படகுக்குக் காசு கொடுத்துத்தான் மீன் பார்க்க முடியும்.

உள்ளூர்த் தீவுகளில் நீச்சல் உடை, சுற்றுலாப் பயணிகளுக்கென்று ஒதுக்கிய கடற்கரையில் மட்டும். தெருவிலும் கடையிலும் தோளும் முழங்காலும் மூடிய உடை. அங்கே குடும்பங்கள் வாழ்கின்றன. வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் கடைகள் மூடியிருக்கும். டொலர் தாள்கள் சிறியவையாக, கிழியாதவையாக, எழுத்து இல்லாதவையாக எடுத்துப் போங்கள். கசங்கிய 100 டொலர்த் தாளை வாங்கத் தயங்குவார்கள்.

வெயிலுக்குக் கழுத்துவரை மூடும் நீச்சல் சட்டை பிள்ளைகளுக்கு கிறீமைவிட நல்லது. முகம் கீழே பார்த்து மீன் பார்க்கும்போது எரிவது முதுகும் பின்னங்காலும்.

10. கடைசி மூன்று நாள்

மாலைதீவுக்கு இமுகா. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்துக்கு அந்தந்த டிஜிட்டல் வருகை அட்டை. மூன்றும் வருகைக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்புபவை, மூன்றும் இலவசம். அவற்றின் படத்தைக் கைபேசியில் மட்டும் வைக்காமல் ஒரு பிரதி அச்சிடுங்கள். நடுக்கடலில் இணையம் இராது.

பயணக் காப்புறுதியில் இரண்டு சொல்லைத் தேடுங்கள்: மருத்துவ வெளியேற்றம், தவறிய இணைப்பு. முதலாவது இல்லாமல் தீவிலோ கப்பலிலோ நோய்வாய்ப்பட்டால் மாற்றிக் கொண்டுபோகும் செலவு முழுப் பயணச் செலவையும் விழுங்கும். கப்பல் பயணம் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், சில காப்புறுதிகள் அதை ஒதுக்கியிருக்கும்.

கப்பலில் வருவோருக்கு இன்னொன்று. கடைசி இரவு பெட்டிகளைக் கேபினுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், காலையில் அவை முனையத்தில்தான் கிடைக்கும். பெட்டியைப் பூட்டும் முன் மறுநாள் உடுப்பு, செருப்பு, மருந்து, கடவுச்சீட்டு ஆகியவற்றைக் கட்டிலில் எடுத்து வைத்து, ஆளாளுக்கு எண்ணிப் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள்.